இரண்டு நாட்டு வரி, ஒரு சம்பளம்

சிங்கப்பூரில் உங்கள் மாதச் சம்பளத்திலிருந்து வருமான வரியை யாரும் பிடிப்பதில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு முதல் சம்பளச் சீட்டைப் பார்க்கும்போது அது பெரிய சந்தோஷமாக இருக்கும். அங்கே டிடிஎஸ், பிஎஃப், தொழில் வரி என்று எல்லாம் போக மிச்சம்தான் கைக்கு வரும். இங்கே எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவருக்கு மத்திய சேம நிதிப் பிடித்தமும் கிடையாது. இந்தியச் சமூகத்துக்கான உதவி அமைப்பான சிண்டாவுக்குப் போகும் சில வெள்ளி மட்டும் குறையும். பேசிய சம்பளம் ஏறக்குறைய அப்படியே வங்கியில் வந்து விழும்.

அந்தப் பணம் முழுவதும் நம்முடையதல்ல என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது. அதில் ஒரு பங்கு இந்த நாட்டு அரசாங்கத்துக்கு உரியது. அவர்கள் அதை உடனே கேட்பதில்லை, அடுத்த ஆண்டுதான் கேட்பார்கள். அதற்குள் அந்தப் பணம் ஊரில் தங்கையின் கல்யாணத்துக்கோ, மனைக்கு முன்பணமாகவோ போயிருக்கும்.

எங்கள் பாசிர் ரிஸ் கிழக்கு-மேற்கு ரயில் பாதையின் கடைசி நிலையம். சாங்கி வணிகப் பூங்காவில் வங்கி வேலை, மென்பொருள் வேலை பார்க்கும் நம் ஆட்கள் பலர் இங்கேயும் பக்கத்துத் தெம்பனிஸிலும் வாடகைக்கு இருக்கிறார்கள். மார்ச் பிறந்ததும் பாசிர் ரிஸ் பூங்காவில் மாலை நடைக்கு வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டால், பாதிப் பேச்சு வரியைப் பற்றித்தான் இருக்கும். "உனக்கு எவ்வளவு வந்தது?", "ஜைரோ போட்டுட்டியா?", "இந்தியாவுல ரிட்டர்ன் போடணுமா, வேண்டாமா?" என்ற மூன்று கேள்வியும் எப்படியும் வரும். முதல் இரண்டுக்கும் விடை சுலபம். மூன்றாவதுக்கு ஆளுக்கு ஒரு விடை சொல்வார்கள், பெரும்பாலும் அரைகுறையாக.

முதலில் இந்த ஊர்க் கணக்கை முடித்துவிடுவோம். ஜனவரி முதல் டிசம்பர் வரை சம்பாதித்ததுக்கு அடுத்த ஆண்டு வரி. முதலாளி உங்கள் சம்பள விவரத்தை மார்ச் 1க்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அனுப்பிவிடுவார். நீங்கள் சிங்பாஸ் வழியாக உள்ளே போய்ப் பார்த்து, சரியென்றால் ஏப்ரல் 18க்குள் இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். சிலருக்குத் தாக்கல் செய்யவே தேவையில்லை என்று ஆணையமே தகவல் அனுப்பும். அப்போதும் உள்ளே போய் ஒரு முறை பார்ப்பது நல்லது. பிறகு, என்ஓஏ என்று எல்லோரும் சொல்லும் மதிப்பீட்டு அறிவிப்பு வரும். அதிலுள்ள தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்ட வேண்டும். தவறினால் 5 விழுக்காடு அபராதம். வங்கியிலிருந்து தானாகவே பணம் போகும் ஜைரோ ஏற்பாட்டைப் போட்டால் வட்டியில்லாமல் 12 மாதத் தவணை வரை கிடைக்கும்.

விகிதம் குறைவுதான். 2024 மதிப்பீட்டு ஆண்டு முதல் உள்ள அட்டவணைப்படி முதல் 20,000 வெள்ளிக்கு வரியில்லை. அடுத்த 10,000க்கு 2 விழுக்காடு, அதற்கடுத்த 10,000க்கு 3.5, அதற்கு மேல் 80,000 வரை 7, 1,20,000 வரை 11.5. இப்படியே ஏறிக்கொண்டு போய், 10 லட்சம் வெள்ளிக்கு மேலுள்ள தொகைக்கு 24 விழுக்காட்டில் நிற்கும். மாதம் 7,000 வெள்ளி வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 84,000. உழைப்பு வருமானக் கழிவு 1,000 போனால் 83,000. முதல் 80,000க்கு 3,350 வெள்ளி, மீதி 3,000க்கு 345. மொத்தம் 3,695 வெள்ளி. சம்பளத்தில் ஐந்து விழுக்காடுகூட இல்லை. இந்தியாவில் இதே வருமானத்துக்கு என்ன கட்டுவோம் என்று யோசித்தால் இது கொடுப்பதற்கு வருத்தப்படும் தொகையே அல்ல. பூங்காவும் ரயிலும் நள்ளிரவில் பெண் பிள்ளை தனியாக நடந்து வரக்கூடிய தெருவும் சும்மா கிடைப்பதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மனக்குறை உண்டு. பெற்றோருக்கான வரிக் கழிவு, அந்தப் பெற்றோர் சிங்கப்பூரில் வசித்தால்தான் கிடைக்கும். மாதம் தவறாமல் கும்பகோணத்துக்கும் காரைக்குடிக்கும் பணம் அனுப்பி அப்பா அம்மாவைக் காப்பாற்றுகிற பிள்ளைக்கு ஒரு வெள்ளிகூடக் கழிவில்லை. இந்த நாட்டின் பார்வையில் அது நியாயமாக இருக்கலாம். அனுப்புகிறவனின் பார்வையில் அது கனக்கத்தான் செய்யும்.

உண்மையான சிக்கல் வேலையை விடும்போது வருகிறது. எங்கள் பக்கத்து புளோக்கில் இருந்த ஒரு தம்பி ஊருக்கே திரும்பிவிட முடிவு செய்து ராஜினாமா கடிதம் கொடுத்தார். அடுத்த மாதம் பதறிப்போய் வந்தார். "அண்ணே, சம்பளத்தையே நிறுத்திட்டாங்க. ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்றார். தப்பு ஒன்றுமில்லை. வெளிநாட்டு ஊழியர் வேலையை விட்டாலும், மூன்று மாதத்துக்கு மேல் சிங்கப்பூரை விட்டுப் போனாலும், முதலாளி ஒரு மாதம் முன்பாகவே ஐஆர்21 என்ற படிவத்தை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்புவதோடு, அவருக்குத் தர வேண்டிய எல்லாப் பணத்தையும் நிறுத்திவைக்க வேண்டும். சம்பளம், போனஸ், எடுக்காத விடுப்புக்கான பணம் எல்லாமே அதில் அடக்கம். ஆணையம் வரியைக் கணக்கிட்டு, அதைப் பிடித்துக் கட்டச் சொல்லும். மீதிதான் ஊழியருக்கு. படிவம் ஆணையத்துக்குப் போய்ச் சேர்ந்து 30 நாள், அல்லது ஆணையத்தின் பதில், எது முந்துகிறதோ அதுவரை பணம் நிற்கும்.

இது சட்டம். முதலாளி செய்தது சரி. ஆனால் அந்தத் தம்பிக்கு இதை முன்கூட்டிச் சொல்ல யாருமில்லை. கடைசி மாதச் சம்பளத்தை நம்பி வாடகை, கண்டெய்னர், விமானச் சீட்டு என்று திட்டமிட்டிருந்தார். மார்ச் மாதத்தில் கிளம்புகிறவருக்கு இது இன்னும் கடுமையாக இருக்கும். முந்தைய ஆண்டு முழுவதற்குமான வரி இன்னும் கட்டியிருக்க மாட்டார், இந்த ஆண்டின் மூன்று மாதத்துக்கான கணக்கும் சேரும். இரண்டையும் ஒன்றாகக் கட்ட வேண்டும். கம்பெனி கொடுத்த பங்கு விருப்ப உரிமை கையில் இருந்தால், அதைப் பயன்படுத்தியதாகவே வைத்துக்கொண்டு அதற்கும் வரி போடுவார்கள். விற்காத பங்குக்கு வரியா என்று அதிர்ச்சியாக இருக்கும். நிரந்தரவாசிகள் இங்கேயே தொடர்ந்து இருக்கும்வரை இந்தத் தொல்லை இல்லை.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொரு விதி. ஒரு காலண்டர் ஆண்டில் 183 நாள் இருந்தால்தான் வரி விஷயத்தில் நீங்கள் இந்த ஊர்வாசி. இரண்டு ஆண்டுகளைத் தொட்டுத் தொடர்ந்து வேலை செய்து, மொத்தம் 183 நாள் தேறினாலும் சலுகை உண்டு. 60 நாளுக்குள் வேலை முடிந்துவிட்டால் வரியே இல்லை. இடையில் மாட்டிக்கொள்பவர்தான் பாவம். அவருக்குக் கழிவு எதுவும் கிடையாது, முதல் 20,000க்கு விலக்கும் கிடையாது. சம்பளத்தில் 15 விழுக்காடு, அல்லது ஊர்வாசிகளுக்கான விகிதம், எது அதிகமோ அது. மே மாதத்தில் வொர்க் பெர்மிட்டில் வந்து, செப்டம்பரில் வேலை போய்த் திரும்புகிற ஒரு கட்டுமானத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். மாதம் 900 வெள்ளி, நான்கு மாதம், 3,600 வெள்ளி. வரி 540 வெள்ளி. ஆண்டு முழுவதும் அதே 900 வெள்ளிக்கு உழைத்தவர் ஒரு வெள்ளியும் கட்ட வேண்டியதில்லை. ஏஜென்டுக்குக் கட்ட வாங்கிய கடனே தீராமல் திரும்பிப் போகிறவரிடம் இந்த 15 விழுக்காட்டைக் கேட்பது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம். குறைந்த சம்பளத்துக்கு இதில் விலக்கு வேண்டும்.

இனி அந்த மூன்றாவது கேள்வி. இந்தியா.

வெளிநாட்டுப் பணம் ஊருக்கு வரும்போது அதற்கு வரி உண்டா என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி எனப்படும் வணிகக் கூடங்களில் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டித்தொழில் செய்த நகரத்தார் நூறாண்டுக்கு முன்பே இதோடு மல்லுக்கட்டினார்கள். 1922ஆம் ஆண்டின் இந்திய வருமான வரிச் சட்டம், வெளிநாட்டுத் தொழிலில் வந்த லாபத்தைப் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் வரி கேட்டது. பினாங்கு போன்ற ஊர்களிலிருந்து செட்டிநாட்டுக்கு வந்த பணம் முதலா, லாபமா என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குமேல் வழக்கு நடந்தது. 1939இல் வந்த திருத்தம், ஆள் எங்கே எத்தனை காலம் இருந்தார் என்பதை வைத்து மூன்று வகையாகப் பிரித்தது. அந்தப் பிரிவினை இன்றும் இந்தியச் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. சிங்கப்பூரிலோ வருமான வரியே 1948 ஜனவரி 1 முதல்தான் அமலுக்கு வந்தது.

இன்றைய நிலை நமக்குச் சாதகமானது. இந்தியச் சட்டப்படி நீங்கள் என்ஆர்ஐ, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர், என்றால், இங்கே வேலை செய்து இங்கே வாங்கும் சம்பளத்துக்கு இந்தியா வரி கேட்பதில்லை. 'இங்கே வாங்கும்' என்பதைக் கவனியுங்கள். சம்பளம் முதலில் சிங்கப்பூர் வங்கிக் கணக்கில் விழ வேண்டும். நேரே இந்தியக் கணக்கில் போடச் சொன்னால் அது இந்தியாவில் பெற்ற வருமானமாகிவிடும். இங்கே வாங்கிய பிறகு சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பும் கடையில் நின்று அனுப்பினாலும், கைப்பேசியில் அனுப்பினாலும், அனுப்பியதற்கு வரியில்லை. பெற்றோருக்குக் கொடுத்தால் அவர்களுக்கும் வரியில்லை.

அந்தப் பணம் ஈட்டும் வட்டிக்குத்தான் கேள்வி வரும். வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கான என்ஆர்இ கணக்கில் இருந்தால் வட்டிக்கு வரியில்லை. இந்திய வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்கில் இருந்தால், மேல்வரி சேர்த்து 31.2 விழுக்காட்டை வங்கியே பிடித்துவிடும். இந்தியாவும் சிங்கப்பூரும் 1994 ஜனவரி 24இல் செய்துகொண்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி, அதை 15 விழுக்காடாகக் குறைக்கலாம். அதற்கு உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் வசிப்பிடச் சான்று வாங்கி வங்கிக்குக் கொடுக்க வேண்டும். மனைவி பெயரில் வைப்புநிதி போட்டால் அந்த வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும். பெற்றோர் பெயரில் போட்டால் அவர்கள் கணக்கு. ஊரிலிருந்த பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக மாற்றாமல் பல ஆண்டு வைத்திருப்பவர்கள் ஏராளம். வெளிநாட்டு வேலைக்குப் போனவர் அதை அப்படி வைத்திருக்கக் கூடாது.

ஊரில் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் இன்னொரு சங்கதி. வீட்டுக்காரர் என்ஆர்ஐ என்றால் வாடகையில் 31.2 விழுக்காட்டைக் குடியிருப்பவரே பிடித்துக் கட்ட வேண்டும். அம்பத்தூரில் மாதம் 12,000 ரூபாய் வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்கு இது தெரியவா போகிறது? கட்டாவிட்டால் மாட்டுவது அவர்கள்தான். சொல்ல வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரருக்கு இருக்கிறது. கூடுதலாகப் பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். "12 லட்சம் வரை இந்தியாவில் வரியே இல்லையே" என்று சொல்கிறார்கள். அந்தத் தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். என்ஆர்ஐக்குப் புதிய முறையில் 4 லட்சம் வரைதான் விலக்கு.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது நாம் கிளம்பி வந்த அந்த முதல் ஆண்டு. இந்தியாவின் கணக்கு ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, சிங்கப்பூரின் ஆண்டு ஜனவரியில். வெளிநாட்டு வேலைக்காகக் கிளம்பும் இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால் அந்த ஆண்டு முழுவதும் அவர் இந்தியவாசிதான். செப்டம்பர் 28க்குள் விமானம் ஏறியவர் தப்பித்தார். நவம்பரில் வந்தவருக்கு, நவம்பர் முதல் மார்ச் வரை இங்கே வாங்கிய சம்பளத்தையும் இந்திய ரிட்டர்னில் காட்ட வேண்டும். இங்கே கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ள ஒப்பந்தம் இடம் தருகிறது. ஆனால் நவம்பர், டிசம்பர் இரண்டு மாதச் சம்பளம் 20,000 வெள்ளிக்குள் இருந்தால் இங்கே வரியே வராது, கழிக்க ஒன்றுமில்லை. ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள சம்பளத்துக்கான என்ஓஏ வருவதற்கோ அதற்கடுத்த ஆண்டு ஏப்ரல் தாண்டிவிடும். இந்திய ரிட்டர்னை அதற்கு வெகு முன்பே போட்டாக வேண்டும். ஒப்பந்தத்தின் வசிப்பிட விதியைக் கொண்டு இதற்கு வழி காண முடியுமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு நாட்டுச் சட்டமும் தெரிந்த ஆடிட்டரிடம் அந்த ஓர் ஆண்டுக்காவது பணம் கொடுத்துக் கேட்பது வீண் செலவல்ல. வேலைக்குச் சேரும் தேதியை நீங்களே முடிவு செய்ய முடியுமென்றால், செப்டம்பர் 28க்குள்ளாகவே கிளம்பிவிடுங்கள்.

வந்து சேர்ந்த பிறகும் நாள் கணக்கு விடாது. இந்தியாவில் உங்களுக்கு வாடகை, வட்டி என்று ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் இருந்தால், ஊரில் தங்கும் நாளை 120க்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது 2020இல் வந்த மாற்றம். முந்தைய நான்கு ஆண்டுகளில் ஊரில் 365 நாள் சேர்ந்திருந்தால் இது உங்களைப் பிடிக்கும். மற்றவர்களுக்கு எல்லை 182 நாள்தான். திருச்சிக்குப் போய் அப்பாவின் அறுவைச் சிகிச்சை முடிய இரண்டு மாதம் அங்கிருந்தே மடிக்கணினியில் வேலை செய்கிறவர்கள் உண்டு. இந்திய மண்ணில் செய்த வேலைக்கான சம்பளம் இந்திய வருமானம்தான். 183 நாளுக்கு மேல் போகாமலும், சம்பளம் தருவது இந்தியக் கம்பெனியாகவோ உங்கள் கம்பெனியின் இந்தியக் கிளையாகவோ இல்லாமலும் இருந்தால் ஒப்பந்தம் காப்பாற்றும். பாஸ்போர்ட்டில் இப்போது சிங்கப்பூர் முத்திரை விழுவதில்லை. அதனால் விமானச் சீட்டுகளை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். என்றைக்காவது ஒரு நோட்டீஸ் வந்தால் அதுதான் சாட்சி.

திரும்பிப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. பல ஆண்டு வெளியே இருந்துவிட்டு ஊருக்குப் போனால், முதல் இரண்டு மூன்று ஆண்டு 'சாதாரணமாக வசிக்காதவர்' என்ற நிலை கிடைக்கலாம். 1939இல் பிறந்த அதே வகைதான். அந்தக் காலத்தில் இங்கே விட்டு வந்த சேமிப்பின் வட்டிக்கும் பங்கு லாபத்துக்கும் இந்தியா வரி கேட்காது. அது முடிந்த பிறகு வெளிநாட்டுக் கணக்கு ஒவ்வொன்றையும் ரிட்டர்னில் சொல்ல வேண்டும். மறைத்தால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க முடியும். 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. பழைய கட்டுரைகளைப் பார்த்துப் படிவம் நிரப்பாதீர்கள்.

உங்கள் புளோக்கில் புதிதாக ஒரு குடும்பம் வந்தால் தேக்கா சந்தைக்கு வழி சொல்கிறோம், பிள்ளைக்குத் தமிழ் வகுப்பு எங்கே என்று சொல்கிறோம். அன்றைக்கே இதையும் சொல்லிவிடுங்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் முன் ஒவ்வொரு மாதமும் வரிப் பங்கைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வேலையை விடுவதென்றால் இரண்டு மாதச் செலவுக்குக் கையில் பணம் இருக்கட்டும் என்று சொல்லுங்கள். தொழிலாளர் விடுதியில் இருக்கும் தம்பிகளைத் தெரிந்தவர்கள், 183 நாள் விதியை அவர்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லுங்கள். அவர்களுக்கு ஆடிட்டர் வைக்க வசதியில்லை, நாம்தான் சொல்ல வேண்டும்.